செக்கோஸ்லோவாக்கியாவின் ஆறு உலகப் பட்டங்களை யார் கணக்கில் எழுதுவது?

ஏட்டுப்பிள்ளை எழுதியது:

ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன் போட்டிகளில் ஒவ்வொரு நாட்டு அணியும் பெற்ற இடங்களை ஆண்டுவாரியாகத் தமிழில் தொகுத்து வருகிறேன். கனடா, சுவீடன், பின்லாந்து ஆகிய அணிகளின் பக்கங்கள் தடையின்றி முடிந்தன. செக் அணியின் பக்கத்தைத் தொடங்கியதும் வேலை நின்றுவிட்டது.

செக் குடியரசு என்ற பெயரில் அந்த அணி வென்ற உலகப் பட்டங்கள் ஏழு: 1996, 1999, 2000, 2001, 2005, 2010, 2024. ஆனால் 2024 இல் பிராகில் சுவிட்சர்லாந்தை 2-0 என வென்றபோது, அதனைப் பதின்மூன்றாவது பட்டம் என்றே பலரும் எழுதினார்கள். கூடுதலான அந்த ஆறும் 1947, 1949, 1972, 1976, 1977, 1985 ஆகிய ஆண்டுகளில் செக்கோஸ்லோவாக்கியா வென்றவை. 1992 டிசம்பர் 31 நள்ளிரவோடு அந்த நாடு இரண்டாகப் பிரிந்தது. பழைய அணியின் வாரிசாகச் செக் அணியை மட்டுமே சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. ஸ்லோவாக்கியா புதிய உறுப்பினராக, எல்லோருக்கும் கீழே, சி பிரிவிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

நான் ஆறையும் செக் பக்கத்தில் எழுதினால் ஸ்லோவாக்கிய வீரர்களின் உழைப்பை மறைத்தவனாவேன். எழுதாமல் விட்டால் கூட்டமைப்பின் முடிவுக்கு மாறாக நடந்தவனாவேன். இந்த அணியின் வரலாற்றை நன்கு அறிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தைக் கேட்ட பிறகு எழுதலாம் என்று காத்திருக்கிறேன்.

வடகோடு எழுதியது:

கூட்டமைப்பின் முடிவில் எனக்குக் குறை தெரியவில்லை. இந்த அணியின் வேர் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் முந்தையது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் ஒரு பகுதியாக இருந்த காலத்திலேயே, இன்றைய செக் நாட்டில் அடங்கிய பொஹீமியா தனி உறுப்பினராகச் சேர்ந்து, 1911 இலும் 1914 இலும் பெர்லினில் ஐரோப்பியப் பட்டம் வென்றது. இடையில் 1912 இல் பிராகில் வென்ற பட்டம், அதில் ஆடிய ஆஸ்திரியா அப்போது கூட்டமைப்பின் உறுப்பினராக இல்லாததால், செல்லாததாக்கப்பட்டது. பொஹீமியாவின் தொடர்ச்சி செக்கோஸ்லோவாக்கியா, அதன் தொடர்ச்சி செக் குடியரசு என்று ஒரே நூலாக இதைப் பார்க்க முடிகிறது.

சோவியத் ஒன்றியம் கலைந்தபோதும் இதே வழிதான் பின்பற்றப்பட்டது. ரஷ்யா மேல் பிரிவில் நீடித்தது. லாத்வியா, உக்ரைன், கசகஸ்தான், பெலாருஸ் ஆகியவை கீழிருந்து ஏறி வந்தன. ஓர் இடத்தை இரண்டு அணிகளுக்குக் கொடுக்க முடியாது என்பதே இதன் அடிப்படை.

செங்காந்தள் எழுதியது:

வடகோடு அவர்களே, இடத்தை இருவருக்குக் கொடுக்க முடியாது என்பதை ஏற்கிறேன். வரலாற்றையும் அப்படியே ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

1976 இலும் 1977 இலும் உலகப் பட்டம் வென்ற அணியின் பயிற்சியாளர்கள் இருவர். ஒருவர் செக்கியரான கரேல் குட், மற்றவர் ஸ்லோவாக்கியரான யான் ஸ்டார்ஷி. 1972, 1976, 1977 ஆகிய மூன்று பட்டங்களிலும் பங்குள்ள கோல்காப்பாளர் விளாதிமிர் ஜுரில்லா ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவாவில் பிறந்தவர். தொழிலால் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். 1976 செப்டம்பரில் முதல் கனடா கோப்பையின்போது, மாண்ட்ரியாலில் கனடாவின் மிகச் சிறந்த தொழில்முறை வீரர்கள் அனைவரும் ஒன்றுகூடி ஆடியும் அவரைத் தாண்டி ஒரு கோல்கூடப் போட முடியாமல் 1-0 எனத் தோற்றார்கள். இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், அவர் வலையை விட்டு முன்னே வருவதைக் கவனித்த டாரில் சிட்லர் சற்றுப் பொறுத்து அடித்த கோலால் கனடா 5-4 என வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது உண்மைதான். அதனால் அந்த 1-0 வெற்றியின் பெருமை குறைந்துவிடாது. 1985 இல் பிராகில் வென்ற அணியிலும் தாரியூஸ் ருஸ்னாக், இகோர் லீபா போன்ற ஸ்லோவாக்கியர்கள் இருந்தார்கள்.

சி பிரிவில் தள்ளப்பட்டதன் விளைவும் வெறும் மரியாதைக் குறைவோடு நிற்கவில்லை. 1994 இல் சி பிரிவை வென்று, 1995 இல் பிராத்திஸ்லாவாவில் பி பிரிவை வென்று, 1996 இல் வியன்னாவில்தான் ஸ்லோவாக்கியா மேல் பிரிவுக்கு வந்தது. அதே வியன்னாவில் செக் அணி இறுதி ஆட்டத்தில் கனடாவை 4-2 என வென்று பட்டத்தை ஏந்தியது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஆறு பெரிய அணிகள் நேரடியாக முதன்மைச் சுற்றுக்குச் சென்றன. ஸ்லோவாக்கியா தொடக்கச் சுற்றில் ஆட வேண்டியிருந்தது. அப்போது வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகின் ஆட்டங்கள் இன்னும் நடந்துகொண்டிருந்ததால், அங்கே ஆடிய ஸ்லோவாக்கியாவின் சிறந்த வீரர்கள் வந்து சேர முடியவில்லை. கசகஸ்தானிடம் தோற்று வெளியேறியது. 2002 சால்ட் லேக் சிட்டியிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது: ஜெர்மனியிடம் தோல்வி, லாத்வியாவுடன் 6-6 என்ற சமநிலை, அத்துடன் முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் கோத்தன்பர்க்கில் அந்த நாடு உலகச் சாம்பியன் ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீள்சறுக்கு எழுதியது:

நான் இந்த விளையாட்டைச் சில ஆண்டுகளாகத்தான் பின்தொடர்கிறேன். பிழையான கேள்வியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியா மூன்றாம் இடம் பெற்றது என்று ஒரு பட்டியலில் கண்டேன். அடித்த கோல்கள் 1, வாங்கியவை 31 என்று அதில் இருக்கிறது. இது அச்சுப் பிழையா?

ஏட்டுப்பிள்ளை எழுதியது:

பிழையில்லை. முதலில் கனடாவிடம் 15-0, பிறகு அமெரிக்காவிடம் 16-0 எனத் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சுவீடனை 1-0 என வென்றார்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றுக்கும் தனித்தனியாகச் சுற்று நடத்தும் பழைய முறை அப்போது இருந்ததால், இரண்டு பெரும் தோல்விகளுக்குப் பிறகும் வாய்ப்பு மிஞ்சியது. அந்த ஒரே கோலை அடித்தவர் யோசெஃப் ஷ்ரோபெக். ஐஸ் ஹாக்கி அந்த முறை கோடைக்கால ஒலிம்பிக்கின் பகுதியாக நடந்தது.

கார்த்திகைப்பிறை எழுதியது:

ஏட்டுப்பிள்ளை ஐயா, இந்த இழையில் இதுவரை எவரும் தொடாத ஓர் ஆண்டு இருக்கிறது. பட்டங்களின் பட்டியலில் 1949 க்கும் 1972 க்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டுகள் ஒன்றுமே இல்லை. ஆட்டத்திறன் குறைந்ததால் ஏற்பட்ட இடைவெளி என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. அதற்குரிய காரணம் 1950.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930களில், ஸ்லோவாக்கிய வேர் கொண்ட கனடியரான மைக் பக்னா பிராகிற்கு வந்து, கனடிய முறையில் அணியைப் பழக்கினார். போர் முடிந்ததும் 1947 இல் பிராகில் நடந்த போட்டிக்குக் கனடா வரவில்லை. சுவீடனிடம் 2-1 எனத் தோற்ற செக்கோஸ்லோவாக்கியா பட்டத்தை இழந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணியிருந்த வேளையில், ஆஸ்திரியா சுவீடனை 2-1 என வீழ்த்தியதால் பட்டம் பிராகிலேயே தங்கியது. அடுத்த ஆண்டு செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் கனடாவுடன் 0-0 என ஆடி வெள்ளி பெற்றார்கள். பிற்காலத்தில், 1954 இல், விம்பிள்டன் டென்னிஸ் பட்டம் வென்ற யாரோஸ்லாவ் த்ரோப்னி இந்த அணியின் முன்கள வீரர். அவர் 1949 இல் நாட்டை விட்டு வெளியேறினார்.

1948 நவம்பர் 8 அன்று பாரிசிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட சிறு விமானம் ஒன்று ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே காணாமற்போனது. அதில் அணியின் ஆறு வீரர்கள் இருந்தார்கள். எவரும் மீளவில்லை. ஆறு பேரை இழந்த சில மாதங்களிலேயே, 1949 பிப்ரவரியில், எஞ்சியவர்கள் ஸ்டாக்ஹோம் சென்று, இம்முறை ஆட வந்திருந்த கனடாவை 3-2 என வென்று மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார்கள். இந்த அணியின் வரலாற்றில் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றும் பட்டம் இதுதான்.

1950 மார்ச்சில் லண்டன் போட்டிக்குப் புறப்படவிருந்த அணியை அரசு நிறுத்திவிட்டது. வானொலிச் செய்தியாளர்கள் இருவருக்கு பிரிட்டன் விசா தரவில்லை, அதனால் அணியும் செல்லவில்லை என்று அறிவிக்கப்பட்டது. வீரர்கள் வெளிநாட்டிலேயே தங்கிவிடுவார்கள் என்ற அச்சமே உண்மையான காரணம். மார்ச் 13 அன்று பிராகில் ஒரு மதுக்கடையில் கூடியிருந்த வீரர்கள் தங்கள் கோபத்தை உரத்த குரலில் வெளிப்படுத்தினார்கள். அங்கேயே கைது செய்யப்பட்டார்கள். அக்டோபரில் நடந்த விசாரணையில் தேசத்துரோகம், ஒற்றுவேலை என்ற குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. இரண்டு பட்டங்களிலும் வலையைக் காத்த போஹுமில் மோத்ரி அன்று அந்தக் கடையில் இல்லை. அவருக்குத்தான் மிகப் பெரிய தண்டனை, 15 ஆண்டுகள். ஆகஸ்டின் பூப்னிக்கிற்கு 14 ஆண்டுகள். ஸ்தனிஸ்லாவ் கொனொபாசெக்கிற்கு 12 ஆண்டுகள். யுரேனியச் சுரங்கங்களில் வேலை வாங்கப்பட்டு, 1955 இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். கதிரியக்கத்தால் உடல் கெட்ட மோத்ரி 1963 இல் இறந்தார்.

உலகச் சாம்பியன்களாக இருந்த அணியை அதன் சொந்த அரசே சிறையில் அடைத்தது. 1950, 1951 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் போட்டியில் அந்த நாட்டின் பெயரே இல்லை. உங்கள் பட்டியலில் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நேரே வெறும் கோடு போட்டுவிட்டுக் கடந்து செல்லாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

நீள்சறுக்கு எழுதியது:

இதை இப்போதுதான் முதன்முறையாக அறிகிறேன். பூப்னிக் அதன் பிறகு ஹாக்கிக்குத் திரும்பினாரா?

கார்த்திகைப்பிறை எழுதியது:

திரும்பினார். 1960களின் பிற்பகுதியில் பின்லாந்து தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்தார். 1967 இல் வியன்னா உலகப் போட்டியில் பின்லாந்து செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என வென்றது. பின்லாந்துக்கு அதுவரை கிட்டாத வெற்றி அது. பின்லாந்து ஹாக்கி எழுந்து நின்ற காலத்தைப் பற்றி எழுதும்போது அவர் பெயரைத் தவிர்க்க முடியாது. ஏட்டுப்பிள்ளை ஐயா பின்லாந்து பக்கத்தை முடித்துவிட்டதாகச் சொன்னார். அங்கே இந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

செங்காந்தள் எழுதியது:

1969 ஐப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். நானே எழுதிவிடுகிறேன்.

அந்த ஆண்டின் உலகப் போட்டி முதலில் பிராகிற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1968 ஆகஸ்டில் சோவியத் படைகளும் கூட்டாளி நாட்டுப் படைகளும் நாட்டுக்குள் நுழைந்த பிறகு போட்டி ஸ்டாக்ஹோமுக்கு மாற்றப்பட்டது. மார்ச் 21 அன்று செக்கோஸ்லோவாக்கியா சோவியத் அணியை 2-0 என வென்றது. கோல்கள் யான் சுஹி, யோசெஃப் செர்னி இருவருடையவை, வலையில் ஜுரில்லா, அணித்தலைவர் பிராத்திஸ்லாவாவைச் சேர்ந்த யோசெஃப் கோலோன்கா. வீரர்களுள் சிலர் தங்கள் சட்டையில் சிங்கச் சின்னத்தின் மேலிருந்த சிவப்பு நட்சத்திரத்தைப் பட்டையால் மறைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் சோவியத் வீரர்களுடன் கைகுலுக்க மறுத்தார்கள். மார்ச் 28 அன்று இரண்டாம் முறையும் 4-3 என வென்றார்கள். அன்றிரவு நாடெங்கும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பிராகின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் இருந்த சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் அலுவலகம் நொறுக்கப்பட்டது. இந்தக் கலவரத்தைக் காரணம் காட்டி மாஸ்கோ நெருக்கியது. ஏப்ரல் 17 அன்று நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் துப்செக் பதவியை விட்டு விலகி, அவர் இடத்துக்கு ஹுசாக் வந்தார்.

அந்த இரண்டு இரவுகளில் தெருவில் நின்றவர்கள் செக்கியர் என்றும் ஸ்லோவாக்கியர் என்றும் பிரிந்து நிற்கவில்லை. அதனால்தான் இந்த வரலாற்றை ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவது எனக்கு ஒவ்வாததாக இருக்கிறது.

வடகோடு எழுதியது:

செங்காந்தள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் 1969 ஐ நினைவுகூர்வோர் பலர் அந்தப் போட்டியின் முடிவைச் சொல்வதில்லை. ஏட்டில் அது விடுபடக் கூடாது. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அந்த ஆண்டு கிடைத்தது வெண்கலம்.

ஆறு அணிகள் இருமுறை மோதிய போட்டி அது. சோவியத் அணி தோற்ற இரண்டு ஆட்டங்களும் செக்கோஸ்லோவாக்கியாவிடம்; சுவீடன் தோற்ற இரண்டும் சோவியத் அணியிடம்; செக்கோஸ்லோவாக்கியா தோற்ற இரண்டும் சுவீடனிடம், 2-0 எனவும் 1-0 எனவும். மூன்று அணிகளும் தலா 16 புள்ளிகள் பெற்று, கோல் வித்தியாசத்தால் சோவியத் அணியே முதலிடம் பெற்றது. இரண்டு நாட்கள் இடைவெளியில், உடலும் மனமும் முழுவதும் தீர்ந்துபோன நிலையில், சுவீடனை எதிர்கொண்டு அந்தக் கடைசி ஆட்டத்தைத் தோற்றார்கள் என்பது என் கணிப்பு. அந்த அணி தனக்கு வேண்டிய வெற்றியைப் பட்டத்துக்கு முன்பே பெற்றுவிட்டது என்றும் சொல்லலாம்.

பட்டம் கிடைத்தது 1972 இல், பிராகில். 1963 முதல் ஒன்பது முறை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றிருந்த சோவியத் அணியை முக்கிய ஆட்டத்தில் 3-2 என வீழ்த்தினார்கள். 1976 இல் கத்தோவித்செயில் நடந்த போட்டியின் முதல் நாளிலேயே போலந்து சோவியத் அணியை 6-4 என வென்றது செக்கோஸ்லோவாக்கியாவுக்கு உதவியாக அமைந்தது. அதே ஆண்டு இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் அணித்தலைவர் ஃபிரான்டிஷெக் போஸ்பிஷில், காய்ச்சலுக்காக மருத்துவர் கொடுத்த மருந்திலிருந்த கோடீன் காரணமாகச் சோதனையில் சிக்கி, போலந்தை 7-1 என வென்ற ஆட்டம் பறிக்கப்பட்டது. ஒலிம்பிக் தங்கம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. நான்கு வெள்ளி, நான்கு வெண்கலம் என்று அந்தக் கணக்கு முடிந்தது. தங்கம் 1998 இல் நாகானோவில், செக் குடியரசுக்குத்தான் கிடைத்தது: அரையிறுதியில் கனடாவின் ஐந்து பெனால்டி அடிகளையும் டொமினிக் ஹாஷெக் தடுத்தார், இறுதியில் ரஷ்யாவை 1-0 என வென்றார்கள்.

ஆக, செக் அணி தனித்து நின்றும் போதிய அளவு வென்றிருக்கிறது. பழைய ஆறைச் சேர்த்துக்கொண்டால்தான் பெருமை என்ற நிலையில் அது இல்லை. இந்த இழையைப் படித்த பிறகு, என் முதல் மறுமொழியில் சொன்னதைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். மேல் பிரிவின் இடம் ஒருவருக்குத்தான் போக முடியும். பட்டங்களின் பட்டியலில் அந்தக் கட்டாயம் இல்லை.

கார்த்திகைப்பிறை எழுதியது:

வடகோடு தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டது மகிழ்ச்சி தருகிறது. இந்தச் சிக்கல் முழுவதையும் தன் ஒரே வாழ்க்கையில் சுமந்தவர் என்று பீட்டர் ஷ்தியாஸ்த்னியைச் சொல்வேன். பிராத்திஸ்லாவாவில் பிறந்த அவர் 1976 இலும் 1977 இலும் செக்கோஸ்லோவாக்கியாவுக்காக உலகப் பட்டம் வென்றார். 1980 ஆகஸ்டில் ஸ்லோவான் பிராத்திஸ்லாவா அணியுடன் இன்ஸ்ப்ரூக் சென்றபோது, தம்பி அன்டோனுடன் அங்கிருந்தே தப்பிக் கனடா சேர்ந்து, கியூபெக் நோர்திக்ஸ் அணியில் ஆடினார். அண்ணன் மரியான் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். 1984 கனடா கோப்பையில் பீட்டர் கனடாவின் சட்டை அணிந்தார். 1994 இல் லில்லெஹாமர் ஒலிம்பிக்கில், புதிதாகப் பிறந்திருந்த ஸ்லோவாக்கியாவின் கொடியை ஏந்திக்கொண்டு நடந்தார். முப்பத்தெட்டு வயதான அந்த மனிதர், மேல் பிரிவில் இடமில்லாத ஒரு நாட்டுக்காக, 1995 இல் பி பிரிவிலும் இறங்கி ஆடினார். அவரிடமுள்ள 1976 ஆம் ஆண்டுப் பதக்கத்தை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவீர்கள்?

நீள்சறுக்கு எழுதியது:

இளையோர் போட்டிகளையும் ஏட்டுப்பிள்ளை அவர்கள் சேர்ப்பதாயிருந்தால் ஒன்றைக் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். சுவீடனின் யெவ்லே நகரில் நடந்த உலக இளையோர் போட்டி 1992 டிசம்பர் 26 அன்று தொடங்கி 1993 ஜனவரி 4 வரை நீடித்தது. செக்கோஸ்லோவாக்கியா என்ற பெயரில் தொடங்கிய அணி, புத்தாண்டு பிறந்ததும் அந்த நாடு இல்லாமற்போனதால், இரண்டு நாடுகளின் கூட்டணியாக எஞ்சிய ஆட்டங்களை ஆடி மூன்றாம் இடம் பெற்றது. அந்தப் பதக்கத்தை ஒருவருக்கு மட்டும் எழுத வழியே இல்லை.

ஏட்டுப்பிள்ளை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான் இப்படிச் செய்யப்போகிறேன். செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் தனிப் பக்கம் வைத்து, 1920 முதல் 1992 வரையிலான முடிவுகளை அங்கே மட்டும் எழுதுகிறேன். கடைசி வரியாக, பிராகிலும் பிராத்திஸ்லாவாவிலும் நடந்த 1992 உலகப் போட்டியின் வெண்கலம் இருக்கும். செக் பக்கத்திலிருந்தும் ஸ்லோவாக்கியப் பக்கத்திலிருந்தும் அதற்குச் சமமாக வழிகாட்டுவேன். செக் பக்கத்தில் ஏழு பட்டங்கள் என்றும், கூட்டமைப்பு செக் அணியையே பழைய அணியின் வாரிசாக ஏற்றிருக்கிறது என்றும் எழுதுவேன். ஸ்லோவாக்கியப் பக்கம் 1994 சி பிரிவிலிருந்து தொடங்கும். 2000 இறுதியில் செக் அணியிடம் 5-3 எனத் தோற்று வெள்ளி, 2002 இல் ரஷ்யாவை 4-3 என வென்று தங்கம், 2003 இல் வெண்கலம், 2012 இல் வெள்ளி, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் என்று செல்லும். பொஹீமியா தனியாக ஒரு சிறு பக்கம். 1950 க்கும் 1951 க்கும் நேரே கோடு இருக்காது. கார்த்திகைப்பிறை எழுதியதன் சுருக்கம் இருக்கும். பின்லாந்து பக்கத்தில் பூப்னிக்கின் பெயர் இல்லை என்பதையும் பார்த்தேன். இன்றே சேர்க்கிறேன்.

செங்காந்தள் எழுதியது:

இது எனக்கு நிறைவளிக்கிறது. ஒரு சிறு கோரிக்கை மட்டும் மிச்சம். 1947 அணியின் வீரர் பட்டியலில் லாதிஸ்லாவ் த்ரோயாக் என்ற பெயர் வரும். ஸ்லோவாக்கிய நகரமான கோஷித்சேயில் பிறந்த அவர்தான் உலகச் சாம்பியன் ஆன முதல் ஸ்லோவாக்கியர். 1948 இல் கால்வாய்க்கு மேலே காணாமற்போன விமானத்தில் இருந்த அறுவருள் அவரும் ஒருவர். கோஷித்சேயின் ஹாக்கி அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வீரர்களின் பெயருக்கு நேரே பிறந்த ஊரையும் எழுதுவீர்களா?

ஏட்டுப்பிள்ளை எழுதியது:

எழுதுகிறேன். 1947 இலிருந்தே தொடங்குகிறேன்.